செவியில் சொன்னது

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அக்கா ஏன் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை. காரணம், படித்து முடிக்கும்போது தெரியும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக் கடைக்கு அனுப்பு. உறையைப் பார்த்தால் லென்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது போல இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் கட்சிப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சிரித்த முகம், கழுத்தில் தலைவர் படம் போட்ட அட்டை. இவர் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாலு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வந்தவர்களில் பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுல சமாதானம் நிலைக்கணும்னு தலைவர் தனியா பிரார்த்தனை பண்ணாரும்மா. பிரிஞ்சு போற எண்ணம் மட்டும் வேண்டாம். பொண்ணு முகத்தைப் பாருங்க. தனியா வாடகைக்கு ரூம் எடுத்துட்டா நிம்மதி வந்துடுமா, சொல்லுங்க?”

இவர் டிவியை நிறுத்தினார். எழுந்து நின்று அவர்களை வணங்கினார். “ரொம்ப நன்றிம்மா. நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

அவர்கள் போன பிறகு கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எந்தத் தெருவுல பார்த்த, ரூமு?”

தம்பி, நான் கிளம்பப் போவது அம்மாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது. கடையில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் நீதான் உங்கள் கட்சியின் பிரார்த்தனைச் செயலி ‘செவி’யை என் போனில் போட்டுக் கொடுத்தாய். “கடவுள்கிட்ட பேசுற மாதிரிதான்க்கா, எழுதிட்டு மூடிடு” என்றாய். அதில் எழுதினேன். அதிலும் கிளம்பப் போகிறேன் என்று எழுதவில்லை. தைரியம் கொடு, என் குழந்தையைப் பார்த்துக்கொள் என்றுதான் எழுதினேன். அதைக் கேட்டவர் கடவுள் இல்லையென்றால் வேறு யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் இடது சுண்டுவிரல் கதவிடுக்கில் நசுங்கியது என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேனே. அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அத்தானோடு எத்தனை தடவை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்! உடனே பஸ் ஏறி வந்து அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். தேர்தல் வேலை, யாருக்கும் லீவு கிடையாது. ஆனால் நீ ஒரு வார்த்தை சொன்னால் வேலையை உதறிவிட்டு வருகிறேன்.

செவி விஷயத்தில் மட்டும் நீ அவசரப்படுகிறாய், அக்கா. நான் கட்சி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உனக்கு இந்தக் கட்சி பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிரார்த்தனைகளை மனிதர் யாரும் படிப்பதில்லை. நான் கூடப் படித்ததில்லை. மெஷின்தான் படிக்கிறது. நோயா, கடனா, வேலையா, குடும்பமா என்று வகை பிரிக்கிறது. எந்த வட்டாரத்தில் மக்கள் எதற்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்தால் தலைவர் அங்கே அதைப் பற்றிப் பேசுவார். மக்கள் மனசைக் கேட்பது தப்பா?

தலைவரை நீ போஸ்டரில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். எங்கள் ஆபீஸ் மாடிக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ‘குடும்பக் காவலர்’ என்று ஜனங்கள் சும்மா கூப்பிடவில்லை. என் தலையில் கை வைத்து, “தம்பி, நீங்க செய்றது வேலை இல்ல, வழிபாடு” என்றார்.

வீட்டு புரோக்கர் யாராவது அத்தானிடம் உளறியிருக்கலாம். கட்சிப் பெண்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள்? யோசித்துப் பார். வாலுவுக்கு மாமாவின் முத்தம்.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

புரோக்கர் யாரையும் நான் பார்க்கவில்லை. போனில்தான் தேடினேன்.

இப்போது காலையில் இவரே கடையில் கொண்டுவந்து விடுகிறார். சாயங்காலம் இவரே வந்து நிற்கிறார். முதலாளியம்மா, “கொடுத்து வச்சவ நீ, எங்க வீட்டுக்காரர் கல்யாணத்தன்னிக்குத்தான் கடைசியா எனக்காகக் காத்திருந்தார்” என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். என் படிப்புச் சான்றிதழ்களையும் வாலுவின் பிறப்புச் சான்றிதழையும் தன் டைல்ஸ் கடைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்திரத்துக்காம்.

நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து இவருக்குப் போன் வந்தது. ‘காப்பாற்றப்பட்ட குடும்பங்கள்’ என்று பத்து ஜோடிகளை மார்ச் முதல் தேதி மாநாட்டு மேடையில் ஏற்றுகிறார்களாம். நாங்களும் ஒரு ஜோடி. இவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

நீ படித்ததில்லை என்கிறாய். என்னைப் பற்றி அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் படி. படித்துவிட்டு எனக்கு வழிபாட்டைப் பற்றி எழுது.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

படித்தேன்.

உன் போன் எண்ணைப் போட்டதும் ஒரு பக்கம் வந்தது. யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல, மெஷினே எழுதியது. அப்படியே தருகிறேன்.

“பெண். ஒரு மகள். கணவர் உறுதியான ஆதரவாளர். பிரிந்து செல்லும் வாய்ப்பு மிக அதிகம். பயம் அதிகம், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். அணுக வேண்டிய வழி: குழந்தை. நேரில் செல்ல உகந்த நேரம்: கணவர் வீட்டில் இருக்கும்போது.”

கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன், “என்னடா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்றான். பசி என்றேன்.

உன் பிரார்த்தனையில் மட்டும் எடுத்ததல்ல. செவியைப் போட்டபோது எல்லாவற்றுக்கும் ‘சரி’ ‘சரி’ என்று அழுத்தினோமே, அப்போதே உன் போனின் சாவியைக் கொடுத்துவிட்டோம். அழுத்தியது நான்தான், நீ பக்கத்தில் நின்றாய். மத்தியான இடைவேளையில் நீ இலவச சட்ட உதவி மையத்தில் நின்றது அங்கே இருக்கிறது. வாடகை அறைகள் பார்த்தது இருக்கிறது. ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தது இருக்கிறது. அக்கா, நீ செவியில் எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்ததும் அங்கே இருக்கிறது.

உன் பக்கத்தை நீக்கினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் திரும்பவும் முளைத்திருந்தது. அத்தான் போனிலும் செவி இருக்கிறது. அதை வைத்து உன்னை மறுபடி வரைந்துவிட்டது.

போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடு. மாநாட்டுக்குப் போகாமலிருக்க வழி உண்டா? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளேன்.

தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

காய்ச்சல் என்று படுத்தால் டாக்டரை வீட்டுக்கே அழைத்து வருவார். போனேன்.

மேடைக்குப் பின்னால் துணி மறைப்புக்குள் எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் துப்பட்டா. வாலு என் மடியில். தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றினார், நீ சொன்னது சரிதான். வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதவியாளரிடம் கேட்டார்.

“இது எந்தக் கேஸ்? குடியா, பிரிவா?”

“பிரிவு ஐயா. கடைசியில இருக்கிறது மட்டும் குடி.”

“குடியை முன்னாடி போடு. பிரிவு நீளமாப் போகும், ஜனம் கலைஞ்சிடும்.”

பிறகு மேடையேறினார். எங்கள் முறை வந்தபோது இவர் தலையிலும் என் தலையிலும் கை வைத்து, “இந்தக் குடும்பத்தை இறைவன் எனக்குக் கனவில் காட்டினான்” என்றார். கூட்டம் முழுக்க விசும்பியது. அவர் கண்ணிலும் நீர். தம்பி, நாள் முழுக்கக் கண்ணையே பார்க்கிறவள் நான். அது நடிப்பு இல்லை. அந்த நிமிஷத்தில் தன்னைத் தானே நம்பிவிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அரசு அமைந்ததும் ‘குடும்பக் காப்புச் சட்டம்’ கொண்டுவருவாராம். பிரிய நினைப்பவர்கள் முதலில் கட்சி நடத்தும் ஆலோசனைக் கூடத்தில் ஒரு வருஷம் போய் உட்கார வேண்டுமாம். கைதட்டல் காதைப் பிளந்தது. இவரும் தட்டினார், என் கையை விடாமலே, மற்றக் கையால் தன் மடியில்.

தலைவரின் மனைவி எங்கள் எல்லோருக்கும் பூங்கொத்து கொடுத்தார். குளிர்ந்த விரல்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் கழிவறைக்கு வழி தேடிப் பின்வாசல் பக்கம் போயிருந்தேன், அப்போது பார்த்தேன்: தலைவரும் அந்தம்மாவும் வேறு வேறு காரில் வந்து இறங்கினார்கள். அங்கேயே அந்தம்மா தலைவரின் காருக்கு மாறி ஏறிக்கொள்ள, சேர்ந்து வந்தது போல முன்வாசலுக்குப் போனார்கள்.

நான் அழித்தது என்ன என்று உன் கடிதத்தில் நீ எழுதவில்லை. படித்துவிட்டாய் என்று புரிகிறது. “இவர் செத்துப்போனால் என்ன” என்று எழுதினேன். ஒரு மூச்சு நேரம்கூட இல்லை, அழித்துவிட்டேன். கடவுளிடம்கூட அதைச் சொல்லக் கூடாது என்றுதான் அழித்தேன்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

ஆளைப் பிடித்துவிட்டேன். இனி இவர்கள் கதை முடிந்தது.

கார் விஷயத்தைப் படித்ததும் பொறி தட்டியது. செவியில் தேடினேன். மூன்று வருஷமாக ஒரு பெண் வேறு பெயரில் தினமும் காலையில் எழுதுகிறாள், ஊருக்கு வெளியே ஒரு வீட்டிலிருந்து. மெஷின் அவள் யார் என்று தானே கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறது: “தலைவரின் மனைவி. நிச்சயம்.” அதற்குக் கீழே ஒரு மனிதர் சேர்த்த குறிப்பு: “இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்.” தலைவரின் வீட்டு எண்கள் எதையும் மெஷின் எடைபோடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்தம்மா புது எண்ணில் எழுதியதால் அந்த விதி காக்காமல் மாட்டிக்கொண்டார். அதனால்தான் என் கண்ணிலும் பட்டார். ஊர் முழுக்கப் படுக்கையறையில் காது வைத்தவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் மூடிக்கொண்டார்கள்.

அக்கா, அவர் கேட்பதும் நீ கேட்பதும் ஒன்றேதான். சில வரிகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். குடும்பக் காவலரின் குடும்பம் எப்படி இருக்கிறது என்று அவர் மனைவியின் வாயாலேயே கேள்.

பத்திரிகைக்காரி ஒருத்தியிடம் பேசிவிட்டேன். நியாயமானவள். இதைக் கொடுத்தால் மறுநாள் முதல் பக்கம் என்கிறாள். தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்தச் சட்டமும் தலைவரோடு போகும். நீ சரி என்றால் கொடுத்துவிடுகிறேன். மனசு சந்தோஷத்தில் குதிக்கிறது, வெகுநாளைக்குப் பிறகு.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

கொடுக்காதே.

அந்தத் தாளின் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குப் போகவில்லை. கடையின் பின்பக்கம் கொண்டுபோய் எரித்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பெண்கள் என் வீட்டு நடுக்கூடத்தில் வந்து நின்று செய்ததை நீ அந்தம்மாவுக்கு ஊர் நடுவில் செய்யப் போகிறாய். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தால் தலைவர் அவரைச் சும்மா விடுவாரா? வாசலில் ஆயிரம் பேர் நிற்பார்கள். அவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா என்று யோசித்தாயா? எனக்காவது முதலாளியம்மா இருக்கிறார், அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அந்தம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருத்தரும் கட்சி ஆள்.

நீ கெட்டவன் இல்லை. ஆனால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, கதவைத் தட்டாமல் உள்ளே போகிற பழக்கம் உனக்கும் வந்துவிட்டது.

பத்திரிகைக்காரிக்கு ஆதாரம்தானே வேண்டும்? என்னுடையதைக் கொடு. என் பக்கம், என் பிரார்த்தனை, நான் அழித்த வரி, எல்லாம். அழித்த வரியைக் கட்டாயம் கொடு. அது வெளியே வந்தால்தான் ஜனங்களுக்கு உறைக்கும். அது என்னுடையது, கொடுக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு வழக்கு வந்தால் இவருடைய வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கிழிப்பார், வாலுவைக் கேட்பார். தெரிந்துதான் சொல்கிறேன். சட்ட உதவி மையத்து வக்கீலம்மாவிடம் கேட்டேன், முதலாளியம்மாவின் போனிலிருந்து. “வேண்டாம்னு சொல்லுவேன். ஆனா உங்க இஷ்டம்” என்றார்.

நான் கிளம்பிய பிறகுதான் அது வர வேண்டும். எப்போது, எங்கே என்று உனக்கும் சொல்லப் போவதில்லை. முதலாளியம்மாவே பத்திரிகைக்காரிக்குச் சொல்லுவார். அதுவரை எழுதாதே.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

வக்கீலம்மா முகவரிக்கு அனுப்புகிறேன். உன் கையில் சேருமா என்று தெரியாது. நீ எங்கே இருக்கிறாய் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். சாப்பிட்டாயா, வாலு தூங்குகிறாளா என்றுதான் மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கட்டுரை வந்துவிட்டது. உன் பெயர் இல்லை, ‘கண் பரிசோதனை செய்யும், சுண்டுவிரல் நசுங்கிய ஒரு பெண்’ என்று மட்டும். என் பெயரைப் போடச் சொன்னேன், போட்டார்கள். தலைவரின் மனைவியைப் பற்றி ஒரு எழுத்துகூட நான் கொடுக்கவில்லை. பத்திரிகைக்காரிக்குக் கோபம். “பெரிய மீனைக் கரையில போட்டுட்டு மறுபடி தண்ணியில விடுறீங்களே” என்றாள். அது மீன் இல்லை என்றேன்.

அன்றே வேலை போனது. என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. தலைவர் கூட்டத்தில் என்னை ‘வழி தவறிய பிள்ளை’ என்று சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து எனக்காகப் பிரார்த்தனை செய்தார். அம்மாவை வழிபாட்டுக் கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லையாம். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாளாம்.

செவியை ‘பராமரிப்புக்காக’ மூடியிருக்கிறார்கள். சந்தோஷப்படாதே. அதிலிருந்ததையெல்லாம் எத்தனை மாவட்ட ஆபீஸுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியும். அதற்கு மேல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தெருவில் யாராவது என்னை இரண்டு தடவை பார்த்தால், இவனுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

தம்பி

*

ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் கடிதம் சேர்ந்தது. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். பெண்கள் தங்கும் விடுதியில் ஓர் அறை. ஜன்னல் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வாலு அதற்கு ‘டிவி’ என்று பெயர் வைத்து, நடப்பதையெல்லாம் வர்ணிக்கிறாள். இதுவரை ஒரு பல்லி மட்டும் நடித்திருக்கிறது.

கிளம்பியது பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. காலையில் இவர் வழக்கம்போலக் கடையில் விட்டார். பின்வாசலில் முதலாளியம்மாவின் கார் நின்றது. பள்ளியில் வாலுவைக் கூப்பிட்டுக்கொண்டோம். போனைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் இவர் வந்து நின்றபோதும் அது அங்கேதான் அடித்துக்கொண்டிருந்ததாம்.

நேற்று கோர்ட். இவருடைய வக்கீல் எதிர்பார்த்ததைத்தான் செய்தார். பத்திரிகையை விரித்து, நான் அழித்த வரியை உரக்கப் படித்தார். “கணவன் சாகணும்னு கடவுள்கிட்ட கேட்ட பொம்பளைகிட்ட குழந்தை பாதுகாப்பா இருக்குமா?” கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாலு போய்விட்டாள் என்றே நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நீதிபதி ஒரு பெண். “இதை நீங்க அனுப்பினீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைம்மா. எழுதினேன், உடனே அழிச்சிட்டேன்.”

அவர் வக்கீல் பக்கம் திரும்பினார். “அழிச்சது எப்படிங்க ஒரு கட்சி ஆபீஸுக்குப் போச்சு?”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கைகாட்டி நிறுத்தினார். “மனசுல ஒரு நிமிஷம் வந்து போனதுக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சா இந்த அறையில ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. விரலோட எக்ஸ்ரே எங்கே? அதைக் கொடுங்க.”

வழக்கு முடியும் வரை வாலு என்னோடு இருக்கலாம். இவர் எங்களை நெருங்கக் கூடாது. முடியும் வரை என்பது எவ்வளவு காலம் என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது. சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு. அடுத்த வாரத்திலிருந்து முதலாளியம்மாவின் இன்னொரு கடையில் வேலை.

அம்மாவிடம் சொல்: முதல் வரிசையிலேயே உட்காரச் சொல்.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்கா,

அவர் ஜெயித்துவிட்டார். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஜெயித்துவிட்டார். எங்கள் தெருவிலும் வாண வேடிக்கை. நான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம், நீதிமன்றம் செவியைப் பற்றிக் கேள்வி கேட்பதால். சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. போவேன்.

ஒரு யோசனை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கொடுத்திருந்தால் தோற்றிருப்பார். சட்டம் ஒரேயடியாகச் செத்திருக்கும். நாம் செய்தது சரிதானா, அக்கா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

தம்பி

*

மே 11

தம்பிக்கு,

உன் கேள்வி இருக்கட்டும். முதலில் வியாழக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு.

கடையில் கூட்டமில்லாத நேரம். கறுப்புக் கண்ணாடியும் தலையில் துணியுமாக ஒரு பெண் வந்து, படிக்கும்போது கண் வலிக்கிறது என்றாராம். பரிசோதனை அறைக்கு அனுப்பினார்கள். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். சுவரொட்டியில் தலைவர் பக்கத்தில் தினமும் பார்க்கிற முகம்.

வழக்கமான வேலையைச் செய்தேன். “இது தெளிவா இருக்கா, இதுவா?” என்று லென்ஸ் மாற்றிக்கொண்டே போனேன். நான்காவது லென்ஸில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பேப்பர்ல வந்தது நீங்கதானே? மேடையில உங்க விரலைப் பார்த்திருக்கேன். கண் வலின்னு சொல்லி இது மூணாவது கடை.”

“ஆமாம்மா.”

“டிரைவர் வாசல்ல இருக்கார். நேரமில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எல்லாருடையதும் அங்கே இருக்குமா? வேற பேர்ல எழுதியிருந்தாலும்?”

பொய் சொல்லியிருக்கலாம், தம்பி. இல்லைம்மா, பயப்படாதீங்க என்று ஒரு வார்த்தை. அவர் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் தெரியாமல் இருந்ததால் எனக்கு என்ன நடந்தது என்று நினைத்தேன்.

“இருக்கும்மா. யார் எழுதினதுன்னு மெஷினுக்குத் தெரியும். ஆபீஸ்ல யாரோ ஒருத்தருக்கும் தெரியும். என் தம்பி படிச்சான். நான் முதல் வரியோட நிறுத்திட்டேன். வெளியே கொடுக்கலை.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்கு?” என்றார்.

“தெரியலைம்மா. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சு நடந்துக்கறது நல்லது.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வக்கீலம்மாவின் முகவரியைக் கேட்டார். எழுதித் தரவா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். வாயால் சொன்னேன். பள்ளிப் பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார். கதவு எண்ணைத் தப்பாகச் சொன்னார், திருத்தினேன். மறுபடி சொன்னார். அதற்குள் டிரைவர் முன்கடைக்கே வந்து, “அம்மா, ஐயா கூப்பிடறார்” என்று குரல் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது சொன்னார்: “உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. படிச்சதை மறந்துடச் சொல்லுங்க.”

அதற்காகத்தான் எழுதுகிறேன். கோர்ட்டில் அவர்கள் எப்படிக் கேட்டாலும், நீ எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், வாயைத் திறக்காதே. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்காதே.

அவர் இன்னும் வக்கீலம்மாவிடம் வரவில்லை. தினமும் சாயங்காலம் கேட்கிறேன். நேற்று பத்திரிகையில் பதவியேற்புப் படம் போட்டிருந்தார்கள். தலைவர் கைகூப்பிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவி இல்லை. உடல்நலம் சரியில்லை என்று கீழே எழுதியிருந்தது. அது கிளம்பிவிட்டார் என்று அர்த்தமா, கிளம்ப முடியவில்லை என்று அர்த்தமா என்று தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா